மாடல் நீராவி எஞ்சினுக்கு டிஜிட்டல் சவுண்ட் வைத்தவர்களே, மனசில் உறுத்திக்கொண்டே இருக்கும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

கரித்தூள்

எந்த டிகோடர் (எஞ்சினுக்குள் இருந்து மோட்டாரையும் சத்தத்தையும் ஓட்டும் சின்ன சர்க்யூட்), எத்தனை பின் என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் அத்துப்படி. நேரே விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது 1:76 அளவில் ஹார்ன்பி கம்பெனியின் ஏ4, பழைய பிரிட்டிஷ் நீராவி எஞ்சின் வகை. டெண்டருக்குள் (எஞ்சினுக்குப் பின்னால் கரி, தண்ணீர் ஏற்றும் வண்டி) லோக்சவுண்ட் 5 டிகோடர், கூடவே சுகர்கியூப் என்னும் குட்டி ஸ்பீக்கர். அப்பாவின் பழைய சிநேகிதர் பொங்கலுக்கு வந்திருந்தார். விழுப்புரம் ஷெட்டில் ஒய்பி நீராவி எஞ்சின் ஓட்டி ரிட்டயரானவர். “மாமாவுக்கு உன் ரயிலைக் காட்டுடா” என்றார் அப்பா.

மாமா ரயிலைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார், அவ்வளவுதான். வண்டி ஸ்டேஷனை நெருங்க, நான் வேகத்தைக் குறைத்தேன். நாற்காலிக் கைப்பிடி மேல் இருந்த அவர் வலது கை, அங்கே இல்லாத எதையோ மெதுவாகத் தள்ளி மூடியது. எஞ்சின் பாட்டுக்கு குப்... குப்... என்று அடித்துக்கொண்டே பிளாட்பாரத்துக்குள் வந்தது. “ரெகுலேட்டரை மூடியாச்சு இல்ல? அப்புறம் என்னத்துக்கு இன்னும் குப்புகுப்புங்குது?” என்றார். ரெகுலேட்டர்தான் சிலிண்டருக்குப் போகும் நீராவியைத் திறந்து மூடுவது. ஒரு வாய் காபி குடித்துவிட்டு, “நல்லா இருக்கு தம்பி” என்றும் சேர்த்துக்கொண்டார். முதலில் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். அந்த “நல்லா இருக்கு”தான் போக மாட்டேன் என்கிறது.

உங்களுக்கு இப்படி யாராவது கிடைத்தார்களா?

மூணுசிலிண்டர்

எனக்குக் கிடைத்தது ஒரு பொடியன். இங்கே இங்கிலாந்தில் எங்கள் கிளப்பின் ஓப்பன் டே. நானும் ஏ4தான், மல்லார்ட் என்ற பெயருடையது, செகண்ட் ஹேண்டில் சவுண்டோடு வாங்கியது. சக்கரத்தில் சின்னதாக ஒரு வெள்ளைப் பொட்டு வைத்திருந்தேன். பையன் மேசை விளிம்பில் தாடையை வைத்து, பொட்டு ஒரு சுற்று வருவதற்குள் எத்தனை குப் என்று விரல் விட்டு எண்ணினான். நாலு. அம்மாவைத் திரும்பிப் பார்த்து, “இது மல்லார்ட் இல்லை” என்றான். சத்தமாக. வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

அவன் சொன்னதில் தப்பே இல்லை. இரண்டு சிலிண்டர் எஞ்சினுக்கு ஒரு சுற்றுக்கு நாலு அடி, ஏ4-ஐ வடிவமைத்த கிரெஸ்லியின் மூன்று சிலிண்டருக்கு ஆறு. யாரோ வேறு எஞ்சினின் சவுண்ட் ஃபைலை ஏற்றி விற்றிருக்கிறார்கள். அப்புறம் சரியான ஃபைலை ஏற்றி, டிகோடரின் அமைப்பு எண்களான சிவி 57, 58 இரண்டையும் மாற்றி மாற்றிப் பொட்டோடு ஒட்ட வைத்தேன். ஆனால் ஃபைலில் ஆறு அடியும் ஒரே சீராக விழுகிறது. நிஜத்தில் நடு சிலிண்டரின் வால்வை வெளி இரண்டின் அசைவிலிருந்து எடுத்து ஓட்டும் லிவர் அமைப்பு தேயத் தேய, எஞ்சின் லேசாக நொண்டும். அந்த நொண்டல் எந்தக் கம்பெனி ஃபைலிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

கரித்தூள், உங்கள் மாமா ஓட்டிய ஒய்பி இரண்டு சிலிண்டர். உங்கள் ஏ4 ஆறு அடி அடித்தால் அதுவே அவர் காதுக்குப் புதுசாக இருந்திருக்கும். ரெகுலேட்டர் கதை அப்புறம்.

கரித்தூள்

அவருக்கு ஆறா நாலா என்பது பிரச்சினையே இல்லை சார். நீராவியை நிறுத்திய பிறகும் புகைபோக்கி பேசியதுதான் பிரச்சினை.

தனிப்பாதை

என்னுடையது சின்னக் கதை. வேலை தெரிந்தவர் செய்யட்டும் என்று எஞ்சினை ஒரு கடையில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். வந்ததும் ஓட்டினால் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். டெண்டரைக் கழற்றினேன். ஸ்பீக்கரை வெறுமனே டபுள் டேப்பில் ஒட்டி வைத்திருக்கிறார்கள், பின்னால் பெட்டியே கிடையாது. பிய்த்து எடுத்து உள்ளங்கைக் குழியில் வைத்து, கட்டைவிரலால் ஓரத்தை அடைத்தேன். ஒரே நொடியில் சத்தம் கனத்து, கைக்குள்ளேயே அதிர்ந்தது. விரலை எடுத்தால் வண்டு, வைத்தால் எஞ்சின். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை அதையேதான் செய்துகொண்டிருந்தேன். பிளாஸ்டிக் ஷீட்டில் நாலு துண்டு வெட்டி ஒட்டினால் தீர்கிற வேலை, அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்கினார்கள்.

மல்டிமீட்டர் மாமா

எனக்கும் ஒரு தடவை டிகோடரிலிருந்து புகை வந்தது. நீராவி எஞ்சின் ஆயிற்றே, நியாயம்தான் என்றாள் மனைவி.

@தனிப்பாதை, நீங்கள் கடையைத் திட்டுவதோடு நிறுத்திவிட்டீர்கள். மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று சொல்கிறேன். ஸ்பீக்கரின் முன்பக்கக் காற்றலையும் பின்பக்கக் காற்றலையும் எதிரெதிர். இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும், முதலில் காணாமல் போவது கனமான ஒலிதான். அதனால் பெட்டி காற்றுப் புகாமல் இருக்க வேண்டும், ஒயர் நுழையும் ஓட்டையில்கூட ஒரு சொட்டுப் பசை விடுங்கள். ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை) பாருங்கள். இப்போதைய சுகர்கியூப் பெரும்பாலும் 8 ஓம். பழைய லோக்சவுண்ட் 3.5 வைத்திருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது, அதற்கு 100 ஓம்.

பழைய எஞ்சினில் மோட்டாரின் ஒரு பிரஷ் சேஸிஸையே தொட்டுக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்காமல் டிகோடர் மாட்டினால் முதல் நிமிடத்திலேயே கதை முடிந்தது. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. மாட்டுவதற்கு முன்னால் மோட்டார் முனைக்கும் இரண்டு தண்டவாளப் பக்கத்துக்கும் நடுவில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், கீச் என்று கத்தவே கூடாது. எஞ்சினுக்கும் டெண்டருக்கும் நடுவில் ஓடும் ஒயர் மெல்லியதாக, வளைகிற மாதிரி இருக்கட்டும், இல்லையென்றால் வளைவில் டெண்டர் தடம் புரளும். முதல் பவரைப் புரோகிராமிங் டிராக்கில் (டிகோடரில் சிவி எழுதத் தனியாக வைக்கும் தண்டவாளம்) கொடுங்கள், அங்கே கரண்ட் குறைவு, தப்பு இருந்தாலும் டிகோடர் பிழைக்கும். புது டிகோடரின் அட்ரஸ், அதாவது வண்டியைக் கூப்பிடும் எண், 3-இல் இருக்கும். ஏதாவது குழம்பினால் சிவி 8-இல் 8 எழுதினால் பழையபடி. அப்புறம் சிவி 63, மொத்த சத்தம், உச்சம் 192. அதை அப்படியே விடாதீர்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலே போதும், வீட்டில் மற்றவர்களும் வாழ வேண்டும்.

தனிப்பாதை

நன்றி மாமா. ஆனால் நான் ஸ்பீக்கரைச் சரிசெய்து ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லையே.

ஃபயர்மேன் பேரன்

முதல் பதிவுக்கு வருகிறேன். ரெகுலேட்டரை மூடினால் சத்தமே கூடாது என்று எல்லோரும் தலையாட்டுவது எனக்கு ஒப்பவில்லை. என் தாத்தா கரி அள்ளியவர். ஓடுகிற எஞ்சினில் நீராவியை ஒரேயடியாக அடைத்தால் பிஸ்டன் உள்ளே வெற்றிடம் உண்டாக்கி, ஸ்மோக்பாக்ஸ் சாம்பலையும் சூட்டையும் சிலிண்டருக்குள் இழுத்துவிடும், எண்ணெய் கருகும். அதற்கென்று காற்று விடும் வால்வு வைத்த எஞ்சின்களும் உண்டு. இருந்தாலும் நல்ல டிரைவர் பல நேரம் ஒரு மூச்சு நீராவியை விட்டே ஓட்டுவார் என்பார் தாத்தா. அப்போது குப் இருக்கும், ஆனால் மெத்தென்று, பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். கூடவே ராடுகளின் கிளங்... கிளங்...

ஆகவே கரித்தூளின் ஏ4 குப் என்றது குற்றமில்லை. ஏற்றத்தில் இழுக்கும்போது அடிக்கும் அதே குரலில் ஸ்டேஷனுக்குள்ளும் வந்ததுதான் குற்றம். மாடல் ரயிலுக்கு எடை கிடையாது, நாலு பெட்டி மாட்டினாலும் மோட்டாருக்கு உறைக்காது. நான் என்னுடையதில் வேகம் ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைச் சொல்லும் சிவி 3, சிவி 4 இரண்டையும் நன்றாக ஏற்றி வைத்திருக்கிறேன். த்ராட்டிலை மூடினாலும் வண்டி பாட்டுக்கு உருண்டு வரும், குப் அடங்கி ராடு சத்தம் மட்டும் இருக்கும். நிறுத்துவது பிரேக் பட்டனில். இரண்டு கையும் வேலை செய்யும்.

மூணுசிலிண்டர்

அப்படியென்றால் ஓப்பன் டேயில் நாலு வயசுக் குழந்தை கையில் த்ராட்டிலைக் கொடுக்க முடியாது. பாதை முடிவில் இருக்கும் பஃபரில்தான் போய் மோதும்.

ஃபயர்மேன் பேரன்

நாலு வயசில் யாருக்கும் டிரைவர் வேலை கொடுப்பதில்லை.

கல்லாறு

நான் ரெடிமேட் ஃபைல் பக்கம் போகவில்லை. நம்ம ஊட்டி வண்டியின் எக்ஸ் கிளாஸ் எஞ்சினை 1:87-இல், 12 மிமீ பாதையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்கு யார் ஃபைல் விற்கப்போகிறார்கள்? ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் ஏறி, கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தேன். ஏறும்போது எஞ்சின் கீழே இருந்து தள்ளும், அதனால் கடைசிப் பெட்டிதான் அதற்குப் பக்கம்.

கல்லாறு வரை ஒரு தாளம். அங்கே பல்சக்கரம் பல் தண்டவாளத்தில் ஏறியதும் தாளமே மாறியது. அதுவரை கீழ் சிலிண்டர் இரண்டு மட்டும் வேலை செய்து, நீராவி நேராகப் புகைபோக்கிக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அந்த நீராவி மேல் சிலிண்டர்களுக்குப் போய், பல்சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியே வருகிறது. மேல் ஜோடி கீழ் ஜோடியைவிட வேகமாக அடிக்கும். சக்கரத்தைப் பார்த்து எண்ணினால் கணக்கு உதைக்கிறது. மூணுசிலிண்டரின் பொடியன் வந்திருந்தால் அழுதிருப்பான்.

இதுதான் உறுத்தல்: சரியாக அந்த மாறும் இடத்தில், பல் மாட்டும் கடகடப்பின் மேலேயே, எங்கள் பெட்டியின் பிரேக்ஸ்மேன் யாரையோ பார்த்து “ஏய், தலையை உள்ள இழு!” என்று போட்ட சத்தம் பதிவாகிவிட்டது. அதன்பின் இன்னொரு நாள் போய் எடுத்தேன். அன்று பொன்மலையில் கட்டிய எண்ணெய் எஞ்சின், பர்னர் இரைச்சலில் குப் மூழ்கிவிட்டது.

மல்டிமீட்டர் மாமா

இதற்கெல்லாம் மென்பொருள் இருக்கிறது தம்பி. முதலில் மோனோவாக மாற்றுங்கள். குரல் இருக்கும் அலைவரிசையைக் குறித்துக்கொண்டு அந்த அரை நொடியை மட்டும் அமுக்குங்கள். அல்லது நாலைந்து குப் தள்ளி நல்ல அடி ஒன்றை வெட்டி மேலே ஒட்டுங்கள். வெட்டு, அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் விழ வேண்டும், இல்லையென்றால் டிக் என்று கேட்கும். உங்கள் ஃபைலை அனுப்புங்கள், நானே செய்து தருகிறேன்.

கல்லாறு

குப் அடியை வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டியாயிற்று மாமா. பிரேக்ஸ்மேன் குரலைத் தனியாகக் கன்ட்ரோலரின் எஃப் 9 பட்டனில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிற குழந்தைகள் விசிலைவிட அதைத்தான் அதிகம் அமுக்குகிறார்கள்.