சதுப்பு ஓரத்தில் கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன்: கூட்டத்தில் என்ன கேட்க வேண்டும்?

சதுப்போரவாசி:
பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிறோம். எங்கள் நகருக்குப் பாதாளச் சாக்கடை வரப்போகிறது. பல வருஷமாகக் கேட்டதுதான். கழிவுநீர் லாரிக்குக் கொடுத்து மாளவில்லை. ஆனால் பம்பிங் ஸ்டேஷனுக்குக் காட்டியிருக்கும் இடம் கோரைப்புல் நிற்கும் புறம்போக்கு. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அங்கே இடுப்பளவு தண்ணீர். வரும் ஞாயிற்றுக்கிழமை பகுதி சபைக் கூட்டத்தில் மக்கள் கருத்தைக் கேட்கிறார்கள். எதிர்த்துப் பேசினால் திட்டமே கைநழுவிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா பயப்படுகிறார். பேசாமல் கையெழுத்துப் போடவும் எனக்கு மனசு வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஜே.ஈ.:
அம்மா, கழிவுநீர் குழாயின் சரிவில் தானாக ஓடி வருவது. பகுதியிலேயே பள்ளமான இடத்தில்தான் வந்து சேரும். அங்கே கிணறு வெட்டி, மோட்டார் வைத்து மேலே தள்ளுவார்கள். அதனால் நிலையத்தை வெகுதூரம் தள்ளி வைக்க முடியாது. ஒன்றிரண்டு தெரு தள்ளி மேட்டில் வைக்கலாம். கிணறு ஆழமாகும், செலவு கூடும், அவ்வளவுதான். எந்தெந்த மாற்று இடங்களைப் பார்த்தார்கள், எதற்காக விட்டார்கள் என்று கேளுங்கள்.

அதைவிட முக்கியம் மட்டம். 2015 வெள்ள மட்டம் எத்தனை மீட்டர், பேனல் போர்டும் (மோட்டாரை இயக்கும் மின்பலகை) ஜெனரேட்டரும் எத்தனை மீட்டரில் உட்காரப்போகின்றன? இரண்டையும் கடல்மட்டக் கணக்கில் கேளுங்கள். 'உயரமாகத்தான் வைக்கிறோம்' என்ற பதிலை ஏற்காதீர்கள். சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீருக்குள் ஓடும். பேனலில் தண்ணீர் ஏறினால் எல்லாம் நின்றுபோகும். அப்புறம் கழிவுநீர் குழாயிலேயே எதிர்த்து ஏறி, பள்ளத்து வீடுகளின் தரைத்தளக் கழிவறையில் பொங்கும். ஜூனியர் இன்ஜினியராக (ஜே.ஈ.) வேலையில் இருந்த காலத்தில் ஒவ்வொரு பெருமழைக்கும் நான் பார்த்தது இதைத்தான். முதலில் மாட்டிக்கொள்வது வாடகைக்குத் தரைத்தளத்தில் இருப்பவர்கள். அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடவே மாட்டார்கள். நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள்.

நிலையம் நின்றால் திறக்கும் அவசர வழிவுக் குழாய் எங்கே போய் விழும் என்பதையும் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதுதான் சதுப்பைப் பார்த்து இருக்கும்.

இன்னொன்று. தெருவில் தண்ணீர் நின்றால் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மழைத் தண்ணீர் முழுக்க அந்தக் கிணற்றுக்குத்தான் வரும், எந்த மோட்டாரும் தாங்காது. இதை நம் ஆட்களிடமும் சொல்லியாக வேண்டும்.

ஏரிக்காவலன்:
2022-ல் பள்ளிக்கரணை ராம்சார் தலமானது, அதாவது சர்வதேச ஒப்பந்தப்படி முக்கியச் சதுப்புநிலம். அதனால் 2017 சதுப்புநில விதிகள் அதற்குப் பொருந்தும். விதிகள் வந்த நாளுக்கு முந்தைய பத்தாண்டுகளின் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது, படகுத்துறைக்கு மட்டும் விலக்கு. ஊர்களிலிருந்து சுத்திகரிக்காத கழிவை விடவும் தடை. ஜே.ஈ. ஐயா சொன்ன வழிவுக் குழாய் சதுப்பில் திறந்தால் அங்கேயே விதி இடிக்கிறது. சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த உயர்வெள்ள மட்டக் கோட்டிலிருந்து இடம் எத்தனை மீட்டர் என்று எழுத்தில் கேளுங்கள்.

நியூஜெர்சித் தமிழன்:
இங்கே அமெரிக்காவில் இருக்கும் முறையைச் சொல்கிறேன், மனுவில் உதவலாம். வெள்ளச் சமவெளிக்கு ஒன்று, சதுப்புக்கு ஒன்று என 1977-ல் அதிபர் கார்ட்டர் இரண்டு ஆணைகள் போட்டார். அந்த ஆணைகளின்படி, மத்திய வீட்டுவசதித் துறையின் நிதியில் இப்படிப்பட்ட இடத்தில் சாக்கடைப் பணி செய்தால், முதலில் அறிவிப்பு வெளியிட்டு மக்களுக்குக் குறைந்தது 15 நாள் தரவேண்டும். நடைமுறைக்கு ஒத்த வேறு இடம் இல்லை என்று காட்டவேண்டும். முடிவெடுத்த பிறகு காரணங்களோடு இன்னொரு அறிவிப்பு, அதற்கு 7 நாள். இருந்தும் 2012 சாண்டி புயலில் நியூவார்க்கின் பெரிய சுத்திகரிப்பு நிலையம் மூழ்கி, கழிவு அப்படியே ஆற்றிலும் குடாவிலும் கலந்தது. பல காலம் முன்பே தாழ்வான கரையில் கட்டிய நிலையம் அது. கட்டிய பின் நகர்த்த முடியாது, அதனால் இப்போதே கேளுங்கள்.

சதுப்போரவாசி:
எல்லோருக்கும் நன்றி. எங்கள் தெருக்கோடி வீட்டுச் சுவரில் 2015 தண்ணீர்க் கறை இன்னும் இருக்கிறது. அது சான்றாகுமா ஐயா?

ஓய்வுபெற்ற ஜே.ஈ.:
தாராளமாக ஆகும். டேப் வைத்து, அளவு தெரிய போட்டோ எடுத்து மனுவோடு இணையுங்கள். அந்தக் கறையின் மட்டத்தை அவர்களுடைய சர்வேயரே வந்து எடுக்க வேண்டும் என்று மனுவில் ஒரு வரி எழுதுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். உங்கள் கேள்வி நடவடிக்கைக் குறிப்பில் ஏறியிருக்கிறதா என்று அடுத்த வாரமே போய்ப் பாருங்கள்.