மின்கல ஆயுளா, தாங்குநேரமா?

தொடக்க மடல் (சேலம், மொழிபெயர்ப்பாளர்)

அனைவருக்கும் வணக்கம். கட்டற்ற கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ஞாயிறு இரவுக்குள் கோப்பை ஏற்றியாக வேண்டும். 'பேட்டரி லைஃப்' என்ற இடத்தில் முட்டி நிற்கிறேன். பழைய கோப்பில் 'மின்கல ஆயுள்' என்று இருக்கிறது. 'மின்கல ஆயுள்: 2 மணி' என்று திரையில் பார்த்த என் அக்கா மகன், "மாமா, அதுக்கப்புறம் பேட்டரி செத்துடுமா?" என்று கேட்டான்.

அவன் கேட்டது நியாயம்தான். விளையாட்டு ஓடுவது சிறிய மடிக்கணினியில்; அதில் 50 வாட்-மணி மின்கலம். கட்டுரை தட்டச்சும்போது 5 வாட் இழுத்தால் 10 மணி நேரம் வரும். பந்தயம் ஓடும்போது வரைகலைச் சில்லு, விசிறி எல்லாம் சேர்ந்து 25 வாட் இழுத்தால் 2 மணி நேரம்தான். வினாடிக்கு 60 பிரேமை 30 ஆகக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் கூடும். கூடுவதை 'ஆயுள்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'தாங்குநேரம்' சரியா?

மறுமொழி (மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

தம்பி, 'ஆயுள்' வடசொல். அதை விட்டது நல்லது. 'வாழ்நாள் வழியடைக்கும் கல்' என்று வள்ளுவரே நமக்குச் சொல் தந்திருக்கிறார். 'நாள்' மணிக்கணக்குக்கு ஒத்துவராது என்றால் 'வாழ்பொழுது' என்று வையுங்கள். அகப்பொருள் இலக்கணத்தில் ஒரு நாளுக்கு ஆறு சிறுபொழுது. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது 4 மணி நேரம். உங்கள் கணினி விளையாட்டில் அரைச் சிறுபொழுது ஓடுகிறது! 'தாங்குதல்' என்றால் சுமத்தல். மின்கலம் எதைச் சுமக்கிறது?

மறுமொழி (யாழ்ப்பாணம், விஞ்ஞான ஆசிரியை)

ஐயா, வாழ்பொழுது அழகான சொல். ஆனால் அதை வகுப்பில் விளங்கப்படுத்தவே ஒரு பாடவேளை போய்விடும். பிள்ளைகள் "சார்ஜ் நிக்குதில்லை" என்றுதான் சொல்லுவினம்.

இன்னொன்று. 'மின்கலம்' ஒற்றைக் கலத்துக்குத்தான் பொருந்தும். மடிக்கணினிக்குள் பெரும்பாலும் மூன்று நான்கு கலங்கள் சேர்ந்திருக்கும். 1749இல் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் மின்னைத் தேக்கும் கண்ணாடித் தகடுகள் பலவற்றை இணைத்து, பீரங்கி வரிசையின் பெயரான 'பேட்டரி'யைத்தான் அதற்கு வைத்தார். எங்கள் 'மின்கலவடுக்கு' அந்தப் பொருளை விடவில்லை. வீட்டில் நாங்கள் 'பற்றரி' என்பது வேறு கதை.

மறுமொழி (கோவை, மின்னணுப் பழுதுபார்ப்பவர்)

அக்கா சொல்வது சரி, ஆனால் 'மின்கலவடுக்கு' பொத்தானுக்குள் அடங்காது.

ஐயா, 'தாங்கு' பற்றி ஒரு வார்த்தை. தாத்தா டார்ச் லைட்டின் பேட்டரிக் கட்டைகளைத் திண்ணை ஓரத்தில் வெயிலில் வரிசையாக வைப்பார். மாலையில் எடுத்துப் போட்டுப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் தாங்கும்" என்பார். சுமப்பதையா சொன்னார்? செருப்பு தாங்கும், கூரை தாங்கும், சட்டை தாங்கும் என்று நாம் எல்லாரும் சொல்கிறோமே. இலக்கணத்திலும் இடறவில்லை. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை.

'ஆயுளை'த் தூக்கி எறியவும் வேண்டாம். லித்தியம் அயனி மின்கலம் சில நூறு முறை ஏறி இறங்கினால் கொள்ளளவு குறைந்துவிடும். அதற்குத்தான் ஆயுள் என்ற சொல் வேண்டும். கடைக்கு வருபவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு, நன்றாக இருக்கும் பேட்டரியை மாற்றச் சொல்லிக் காசை விடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

மறுமொழி (சேலம்)

சரி, அப்படியே செய்கிறேன். மணிக்கணக்குக்குத் 'தாங்குநேரம்', ஆண்டுக்கணக்குக்கு 'ஆயுள்'. இடம் போதாததால் 'மின்கலம்' இருக்கட்டும். இதுவரை நான்கு பேர் தனிமடலில் ஒப்பியிருக்கிறார்கள். மற்றவர்களிடமிருந்து பதில் இல்லை. கோப்பு இன்றிரவு போகிறது.

மறுமொழி (மதுரை)

போகட்டும் தம்பி. எனக்கு உடன்பாடில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். செருப்பு நம்மைச் சுமக்கிறது, கூரை ஓடுகளைச் சுமக்கிறது. சட்டைக்குத்தான் விடை தேடிக்கொண்டிருக்கிறேன். அடுத்த பதிப்புக்குள் எழுதுகிறேன்.