எக்ஸியோ 141: புதுக் கொயில் போட்டும் வட்டவளை ஏற்றத்தில் உதறுகிறது. டூப்ளிகேட் சாமானா, வேறு கோளாறா?

நோர்வுட்_ஹயர்:

வணக்கம். நம்ம வண்டி டொயோட்டா எக்ஸியோ 141 கார், ஒன் என்செட் எஞ்சின். ஹயர் ஓடுகிற வண்டி. கட்டுநாயக்கவுக்கு ஆள் ஏற்றி இறக்குவதுதான் முக்கிய ஓட்டம், மற்ற நேரம் ஹட்டன் டவுன், டிக்கோயா ஆஸ்பத்திரி என்று கிட்ட உள்ள இடங்கள்.

பிளக்கில் பொறி பாய வோல்டேஜ் கொடுக்கிற இக்னிஷன் கொயில் நிற்கவே மாட்டேன் என்கிறது. போன மழைக்கு ஒன்று போனது, மாற்றினேன். கொஞ்ச நாளில் அதே இடத்தில் திரும்பவும் போனது. அதையும் மாற்றினேன், இப்போது மறுபடி அதே கதை. கொழும்புக்கு இறங்கும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பி வரும்போதும் கித்துல்கல தாண்டும் வரை பூப்போல வரும். கினிகத்தேனையில் ஏறத் தொடங்கினால் வட்டவளைக்குள் இழுவை செத்துவிடும், வண்டி உதறும், செக் லைட் விட்டு விட்டு எரியும். மிதியைத் தளர்த்தினால் சரியாகும், மிதித்தால் திரும்ப உதறும். குவைத்திலிருந்து வந்த அக்கா ஒருத்தர் பின் சீட்டில் இருந்துகொண்டு, "தம்பி, பிளேன் கூட இப்படிக் குலுங்கல" என்றார். ஸ்கேன் போட்டால் ஒவ்வொரு முறையும் பி0302, இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்கிற கோட்.

கொயில் வாங்கியது கொழும்பில் ஒரு கடையில். டென்சோ பெட்டி, மினுங்குகிற ஸ்டிக்கர், எல்லாம் பக்காவாக இருந்தது. ஆனால் வண்டியோடு வந்த பழைய கொயிலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழையதில் எழுத்து பிளாஸ்டிக்கிலேயே வார்த்திருக்கிறது. புதியதில் மேலே அச்சடித்தது, நகத்தால் சுரண்டினால் வருகிறது. கையில் தூக்கினாலும் புதியது லேசு. கடைக்காரரிடம் கேட்டால் "கரண்ட் சாமானுக்கு வாரண்டி இல்லை" என்று முடித்துவிட்டார்.

கள்ளச் சாமான் என்பதால்தான் போகிறதா, இல்லை வண்டியே கொயிலைத் தின்கிறதா? நல்லது எங்கே வாங்கலாம்?

கம்பளை_பாஸ்:

தம்பி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கள்ளச் சாமான்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நாளைக்கே நல்ல கொயில் வாங்கிப் போட்டாலும் அதுவும் போகலாம். ஏன் என்று சொல்கிறேன்.

அந்த எஞ்சினில் சிலிண்டருக்கு ஒன்றாக நாலு கொயில். ஒல்டனேட்டர் அதிகமாகச் சார்ஜ் போட்டாலோ எர்த் வயர் சரியில்லாவிட்டாலோ நாலுக்கும்தான் அடி விழும். உங்களுக்கு எப்போதும் இரண்டாவதுதான் போகிறது. அப்படியென்றால் அந்தப் பிளக் இருக்கிற குழிக்குள் ஏதோ இருக்கிறது.

முதலில் செலவில்லாத வேலை. எஞ்சின் ஆறியபிறகு இரண்டாவது கொயிலை மூன்றாவது இடத்திலும் மூன்றாவதை இரண்டாவது இடத்திலும் மாற்றிப் போடுங்கள். செயின் இருக்கிற பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். ஸ்கேனரில் அந்த பி0302 கோட்டை அழித்துவிட்டு ஏற்றத்தில் ஓடிப் பாருங்கள். பி0303 வந்தால் கொயில் கோளாறு. திரும்பவும் பி0302 வந்தால் கொயிலைத் திட்டிப் பயனில்லை, பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று பார்க்க வேண்டும்.

கொயிலை உருவும்போது அதன் ரப்பர் முனையைப் பாருங்கள். எண்ணெய் ஒட்டியிருந்தால் டெபட் கவர், அதாவது எஞ்சினின் மேல்மூடி, அதன் பெக்கிங் போய்விட்டது, பிளக் குழிக்குள் ஒயில் இறங்குகிறது. 141களில் இப்போது இதை நிறையப் பார்க்கிறேன், பெக்கிங்குக்கும் வயதாகிவிட்டது. ஒயிலில் ஊறி ரப்பர் உப்பி வெடித்தால், கரண்ட் பிளக்குக்குப் போகாமல் பக்கவாட்டில் ஹெட்டுக்குப் பாயும். ஒயில் இல்லாமல் துரு, வெள்ளைப் படிவு என்று இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. தோட்டத்து ரோட்டுச் சேறு என்று சேர்விஸ் ஸ்டேஷனில் பொனட்டைத் திறந்து பிரஷர் தண்ணீர் அடிக்க விடுகிறீர்களா? கேட்டாலும் கேட்காவிட்டாலும் பையன்கள் அடித்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று தடுங்கள்.

ஏற்றத்தில் மட்டும் உதறுவதற்குக் காரணம் இருக்கிறது. மிதிக்க மிதிக்க சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் கூடும், அமுக்கம் ஏறும். அமுக்கம் ஏறினால் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். சமதரையில் சமாளிக்கிற நோஞ்சான் கொயில் வட்டவளையில் கைவிடும். பிளக் தேய்ந்து இடைவெளி கூடினாலும் இதே கதைதான். டென்சோ, என்ஜிகே பிளக் நம்பரின் கடைசியில் 11 என்று இருந்தால் இடைவெளி 1.1 மில்லிமீற்றர். சாதாரண நிக்கல் பிளக்கை 20,000 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிக்கொண்டு கொயிலைக் குற்றம் சொல்பவர்கள் என் கராஜுக்கு வாரம் தவறாமல் வருகிறார்கள்.

இன்னொன்று. இந்தக் கொயிலுக்கு நாலு வயர். ஒன்று கரண்ட், ஒன்று எர்த், ஒன்றில் கொம்பியூட்டர் "பொறி போடு" என்று சொல்லும், மற்றதில் கொயில் "போட்டேன்" என்று பதில் அனுப்பும். பதில் வராவிட்டால் பி0351இலிருந்து பி0354 வரை ஒரு கோட் வரும். உங்களுக்கு அது வரவில்லை, ஆகவே வயரை விடக் குழியையும் பிளக்கையும் நான் சந்தேகப்படுகிறேன். ஆனாலும் சொக்கட்டின் பூட்டு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். டேப் சுற்றி வைத்திருந்தால் எனக்குச் சிரிப்பு வரும், சொல்லிவிட்டேன்.

செக் லைட் விட்டு விட்டு எரிந்தால் மிதிக்காதீர்கள். எரியாத பெற்றோல், புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்கிற கெட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய் எரியும். அதன் விலைக்கு எத்தனை கொயில் வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பண்டாரவளை_மச்சான்:

பாஸ் சொல்வது சரி. வாங்குவது பற்றி என் கருத்து: பெட்டியில் வருகிற "புது" டென்சோவை நம்பாதீர்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பாவித்த கொயில் கிடைக்கும், அதை வாங்குங்கள். அழுக்காக இருந்தாலும் அது உண்மையான அழுக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனத்துக்குத் திறந்தார்கள். அதுவரை எல்லாரும் பழைய வண்டியையே தட்டிக்கொட்டி ஓட்டினோம். சாமானுக்குக் கிராக்கி வந்தால் டூப்ளிகேட்காரனுக்குக் கொண்டாட்டம்தானே.

கண்டி_கணக்கன்:

மச்சான், ஒத்துக்கொள்ள முடியவில்லை. 141 ஜப்பானில் 2006 முதல் 2012 வரை வந்த மொடல். கழற்றின கொயிலுக்கும் அதே வயதுதான். சூட்டில் வெந்து வெந்து உள்ளே ரெசின் வெடித்திருந்தால் வெளியில் தெரியாது. மலையில் ஹயர் ஓடுகிறவருக்கு அது பொருந்தாது. சேஸி நம்பரைக் கொடுத்து டொயோட்டா லங்காவில் விலை கேளுங்கள். டொயோட்டா கொயில் நம்பர் 90919-02 என்று தொடங்கும். மீதி இலக்கங்கள் உங்கள் வண்டிக்குச் சரியா என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும்தான். ஆனால் பாதி வழியில் நின்று வேறு வான் பிடித்து ஆளை அனுப்புகிற செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைக்காரரைச் சும்மா விடாதீர்கள். பில் இருக்கிறதா? கேட்டால் பில் கொடுக்க வேண்டியது அவர் கடமை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 2003இன் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. பில்லில் "டென்சோ" என்று எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கும், வெறும் "கொயில் 1" என்றால் வாதாட வேண்டிவரும். கொயிலையும் பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள்.

நோர்வுட்_ஹயர்:

எல்லாருக்கும் நன்றி. இன்று காலை மழை விட்ட நேரம் பார்த்துக் கழற்றினேன். இரண்டாவது குழியில் ஒயில், பிளக்கின் வெள்ளைப் பீங்கான் பகுதி பாதி முழுகிக் கிடந்தது. மூன்றாவதில் லேசான ஈரம். மற்ற இரண்டும் காய்ந்திருக்கிறது. டேப் இல்லை பாஸ், சொக்கட் பூட்டு நன்றாக இருக்கிறது, சிரிக்க வேண்டாம்.

பில்லில் "டென்சோ ஒரிஜினல்" என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். மூன்று மாதம் ஆக இன்னும் நாள் இருக்கிறது.

ஒரு கேள்வி: பெக்கிங் மாற்றும் வரை ஒயிலைத் துடைத்துவிட்டு ஓடலாமா? வெள்ளிக்கிழமை ஒரு எயார்போட் ஹயர் இருக்கிறது.

கம்பளை_பாஸ்:

ஓட வேண்டாம். துடைத்தாலும் ஏற்றம் முடிவதற்குள் திரும்ப இறங்கும், அந்த ரப்பரும் ஏற்கெனவே ஊறிவிட்டது. பெக்கிங் அரை நாள் வேலை, வியாழனுக்குள் யாரிடமாவது செய்துகொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றுவதற்கு முன் குழியில் உள்ள ஒயிலைத் துணியால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவ்வளவும் சிலிண்டருக்குள் போகும். பிளக் நாலும் புதிது. ரப்பருக்குள் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ். கொயிலுக்கு, வண்டியோடு வந்த பழையதில் ரப்பர் மட்டும் போயிருந்தால் அதைத் தனியாக மாற்றிப் போட்டு, கொழும்புக்கு இறங்குவதற்கு முன் ஒருமுறை ஏற்றத்தில் மிதித்துப் பாருங்கள். உதறினால் வெள்ளிக்கிழமை ஹயரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள்.