மறு: ஆன் பேஸ் பெர்சன்டேஜ் - தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். பேஸ்பாலில் மட்டையாளர் தம் வாய்ப்புகளில் எத்தனை முறை வெளியேறாமல் தளம் (பேஸ்) சேர்ந்தார் என்று காட்டும் எண்தான் ‘ஆன் பேஸ் பெர்சன்டேஜ்’. அதற்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம்.

> “தளமேற்ற விழுக்காடு” போதுமே. படித்ததும் புரிகிறது.

எனக்கு அப்படிப் புரியவில்லை. பதிவேற்றமும் வலைத்தளமும் நம் நாவில் ஊறிவிட்டதால், தளமேற்றம் என்றதும் கோப்பைத் தளத்தில் ஏற்றுவதுதான் நினைவுக்கு வருகிறது. முன்பு வந்த ‘அடிச் சராசரி’ இன்னும் சிக்கல். அடிக்காமலே முதல் தளத்துக்குப் போனவர்களுக்கும் மதிப்புக் கொடுக்கத்தானே இந்தக் கணக்கே வந்தது!

எடி யோஸ்டைப் பாருங்கள். வாஷிங்டன் செனட்டர்ஸ் அணிக்காரர். அடிக்க வேண்டிய எல்லைக்கு வெளியே போகும் பந்தா, மட்டை தோளிலிருந்து இறங்காது. அப்படி நான்கு பந்து விட்டால் முதல் தளம் அவருக்கு. அதுதான் ‘வாக்’. 1956இல் அவருடைய மட்டைச் சராசரி (அடித்துத் தளம் சேர்ந்ததை மட்டும் எண்ணுவது) .231. அதை மட்டும் பார்த்தால் சுமாரான ஆட்டக்காரர். ஆனால் அந்த ஆண்டு 151 முறை ‘வாக்’ பெற்றார். நாம் பெயர் தேடும் எண்ணோ .412. ‘நடக்கும் மனிதர்’ என்றே அவருக்குப் பெயர். கிரிக்கெட்டில் வைடு பந்து உதிரிக் கணக்கில் போய்விடும், மட்டையாளருக்கு எதுவும் கிடையாது. இங்கே பந்தை விடுவதும் மட்டையாளரின் திறமைதான், அவர் பேரிலேயே எழுதுகிறார்கள்.

அதனால் என் பரிந்துரை: தளஞ்சேர் விகிதம்.

“வீடு வந்து சேர்ந்தியா?” என்று அம்மா கேட்கும்போது பஸ்ஸில் வந்தோமா, நடந்து வந்தோமா என்பது கேள்வி இல்லை. வந்தாயிற்றா, அவ்வளவுதான். கரை சேர்வதும் அப்படியே. இந்தக் கணக்குக்கு வேண்டிய வினை இதுதான் என்று உறுதியாக நினைக்கிறேன்.

அப்புறம், விழுக்காடு வேண்டாம். ஆங்கிலப் பெயரில் பெர்சன்டேஜ் இருந்தாலும் யாரும் நூற்றுக்கு இத்தனை என்று எழுதுவதில்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் மட்டையாளர் டெட் வில்லியம்ஸின் வாழ்நாள் எண் .482, இன்றும் அதுவே உச்சம். 1941ஆம் ஆண்டுக் கணக்கைப் போட்டே பார்க்கலாம்: 185 அடி, 147 வாக், பந்து உடம்பில் பட்டு 3. மொத்தம் 335. மட்டை பிடிக்க வந்தது 606 முறை. வகுத்தால் .553. அதே ஆண்டு .406 சராசரி எடுத்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இந்த .553 அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. பாதிக்கு மேல் அவரை வெளியேற்றவே முடியவில்லை என்று அர்த்தம்.

எதிரணி தடுப்பாளர் பந்தைத் தவறவிட்டதால் தளம் சேர்ந்தால் அது கணக்கில் வராதே, பிறகு ‘சேர்’ எப்படிப் பொருந்தும் என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆங்கிலப் பெயரும் அதைச் சொல்வதில்லை. அது விளக்கத்தில் இருக்க வேண்டியது, பெயரில் திணித்தால் சொல் வாலாக நீளும்.

இதில் வல்லவரைத் ‘தளஞ்சேரி’ என்றால் ஊர்ப்பெயர் ஆகிவிடும். ‘தளஞ்சேர்வர்’ எனலாம். பதிவுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

தளஞ்சேர் விகிதம்: அடி, வாக், உடம்பில் பட்ட பந்து ஆகியவற்றால் மட்டையாளர் தளம் சேர்ந்த எண்ணிக்கையை, மட்டைவாய்ப்புகள் (வாக் போன்றவை சேராதவை), வாக், உடம்பில் பட்ட பந்து, தியாக உயரடிகள் (தான் வெளியேறினாலும் சக ஆட்டக்காரர் ஓட்டம் எடுக்க உதவிய உயரடிகள்) ஆகியவற்றைக் கூட்டிய வாய்ப்பு எண்ணிக்கையால் வகுத்து வருவது.

‘வாக்’ மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். ‘நடை’ என்று போட மனம் வரவில்லை. அதற்கும் ஒரு சொல் சொல்லுங்கள்.