தொலைத்தொடர்புப் பங்குகளின் நியாய விலையை எதை வைத்துக் கணிப்பது?

கேள்வி:
வங்கிப் பங்குகளைப் புத்தக மதிப்பை வைத்தும் நுகர்பொருள் நிறுவனங்களை லாபத்தை வைத்தும் எடைபோட்டுப் பழகிய எனக்குத் தொலைத்தொடர்புத் துறை மட்டும் பிடிபடவில்லை. பார்தி ஏர்டெல்லின் பி.இ. விகிதம் (பங்கின் விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்தது) ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக மாறுகிறது. வோடஃபோன் ஐடியா நட்டத்தில் இருப்பதால் அதற்கு அந்த விகிதமே கிடையாது. பங்கின் விலை பத்து ரூபாயைச் சுற்றி இருப்பதால் அது மலிவு என்கிறார் என் நண்பர். லாபத்தை விட்டால் வேறு எதைப் பிடித்துக்கொள்வது?

மறுமொழி 1:
ஏ.ஜி.ஆர். வழக்கில், அதாவது அரசுக்கான கட்டணத்தை எந்த வருவாயின் மீது கணக்கிடுவது என்ற வழக்கில், உச்ச நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்த பிறகு, அதற்கான ஒதுக்கீட்டால் செப்டம்பர் காலாண்டில் ஏர்டெல் 23,045 கோடி ரூபாயும் வோடஃபோன் ஐடியா 50,921 கோடி ரூபாயும் நட்டம் காட்டின. இப்படிப்பட்ட துறையில் ஒரே ஆண்டின் லாபத்தை நம்ப முடியாது. சந்தை மதிப்புடன் நிகரக் கடனை (கையிருப்பு ரொக்கம் போக மீதிக் கடன்) கூட்டி, அதை எபிட்டாவால், அதாவது வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்கும் முன் உள்ள லாபத்தால், வகுத்துப் பாருங்கள். ஒரு பொறி உண்டு: 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த குத்தகைக் கணக்கு முறையில், முன்பு செலவாக எழுதப்பட்ட கோபுர வாடகையின் பெரும்பகுதி தேய்மானமாகவும் வட்டியாகவும் இடம் மாறிவிட்டது. எனவே குத்தகைப் பொறுப்பையும் கடனில் சேர்க்க வேண்டும். இல்லையேல் வாடகையை எபிட்டாவிலிருந்து கழித்துவிட வேண்டும். இரண்டையும் செய்யாதவருக்குப் பங்கு பொய்யாக மலிவாகத் தெரியும்.

மறுமொழி 2:
உங்கள் நண்பரின் பத்து ரூபாய்க் கணக்குக்கு வருகிறேன். வோடஃபோன் ஐடியா 2024 ஏப்ரலில் பங்கு ஒன்று 11 ரூபாய் வீதம் 18,000 கோடி ரூபாய் திரட்டியது. 2025-இல் அலைக்கற்றை நிலுவையில் 36,950 கோடி ரூபாய், பங்கு ஒன்று 10 ரூபாய் வீதம், அரசுக்குப் பங்குகளாக மாற்றப்பட்டது. அந்த ஒரே மாற்றத்தில் பிறந்த புதிய பங்குகள் 3,695 கோடி. மொத்தம் சுமார் 10,800 கோடிப் பங்குகள் என்றால், பத்து ரூபாய் விலையில் சந்தை மதிப்பே ஒரு லட்சம் கோடியைத் தாண்டுகிறது. கடன் இன்னும் தனி. மலிவு என்ற சொல்லை இங்கே எப்படிப் பொருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி 3:
எபிட்டாவோடு நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏலத்தில் எடுக்கும் அலைக்கற்றையின் உரிமம் 20 ஆண்டுகளுக்குத்தான்; அதன் தவணையும் வலையமைப்புச் செலவும் எபிட்டாவுக்குக் கீழே வருவதால், அவற்றைக் கழித்த பிறகு கையில் மிஞ்சும் ரொக்கத்தையே நான் பார்க்கிறேன். அந்த ரொக்கத்தை நகர்த்துவது ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதந்தோறும் கிடைக்கும் சராசரி வருவாய். 2024 ஜூலைக் கட்டண உயர்வுக்குப் பின் ஏர்டெல்லில் அது 211 ரூபாயிலிருந்து அடுத்த காலாண்டிலேயே 233 ரூபாயானது. கோபுரங்களும் ஊழியர்களும் ஏற்கெனவே இருப்பதால், உரிமக் கட்டணமும் வரியும் போக அந்தக் கூடுதல் பணத்தின் பெரும்பகுதி மிஞ்சுகிறது. ஆகவே அடுத்த உயர்வு எப்போது, எவ்வளவு என்ற ஊகமே இன்றைய விலைக்குள் ஒளிந்திருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஏர்டெல்லின் கணக்கில் ஆப்பிரிக்க வணிகமும் கலந்திருக்கிறதே, அதை எப்படிப் பிரிப்பது?

மறுமொழி 3:
ஏர்டெல் ஆப்பிரிக்கா லண்டன் சந்தையில் தனியாகப் பட்டியலிடப்பட்டுள்ளதால், அதில் ஏர்டெல் வைத்திருக்கும் பங்குகளின் மதிப்பை அங்குள்ள விலையில் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். மீதமுள்ள இந்திய வணிகத்தோடு ஒப்பிட, ராஜஸ்தானிலும் வடகிழக்கிலும் மட்டும் இயங்கும் ஏர்டெல்லின் துணை நிறுவனமான பார்தி ஹெக்ஸாகாமின் விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.