கரும்பொட்டு மீன் மூண்டு: விளையோ, செப்பிலியோ?

கேள்வி:
முல்லைத்தீவுக் கடலடிப் பாரில ரெண்டு, கொக்கிளாய் முகத்துவாரத்தில ஒண்டு, எல்லாம் தூண்டில்ல பட்டது. மூண்டுக்கும் விலாவில ஒரு கரும்பொட்டு. நீளம் 28, 24, 41 சென்ரிமீற்றர். கரையில ஒருத்தர் எல்லாம் செப்பிலி எண்டார், மற்றவர் எல்லாம் விளை எண்டார். ஐஸில கிடந்து நிறம் மங்கிப்போச்சு. எப்பிடிப் பிரிக்கிறது?

பதில் 1:
நிறத்தை விடுங்கோ தம்பி, முதல்ல கன்னம். கண்ணுக்குப் பின்கீழ, செவுள்மூடிக்கு முன்னால உள்ள இடத்தை வழும்பு போகக் கழுவித் துடைச்சிட்டு, பின்னாலயிருந்து வாய்ப்பக்கமா நகத்தால கீறுங்கோ. செதில் கிளம்பினா லுட்ஜானஸ், செப்பிலி, ஸ்னாப்பர் எண்டுற சாதி. வெறுந்தோலா வழுக்கினா லெத்ரினஸ், விளை. வழும்போட கீறினா ரெண்டும் ஒண்டாத்தான் தெரியும். கனபேர் பிழைவிடுறது அதிலதான்.

பிறகு முதுகுச் செட்டையை வெளிச்சத்துக்கு நேர விரிச்சுப் பிடியுங்கோ. முன்னுக்குள்ள 10 முள்ளை விட்டிட்டு, பின்னுக்குள்ள மெல்லிய கதிரை எண்ணுங்கோ. விளைக்கு 9. பொட்டுள்ள ஸ்னாப்பருக்கு 12 அல்லது அதுக்குக் கூட. கடைசிக் கதிர் அடியில ஒண்டு, மேல ரெண்டாப் பிரியும். அதை ஒண்டாத்தான் எண்ணோணும்.

பதில் 2:
அண்ணை சொன்னதோட பக்கக்கோட்டையும், அதான் விலாவில தலையிலயிருந்து வால் வரை போற கோட்டையும் பாருங்கோ. பொட்டு கோட்டுக்குக் கீழ, நீட்டுக்குக் கிடந்து, சுத்திவர மஞ்சள் விளிம்பும் இருந்தா லெத்ரினஸ் ஹராக். ஸ்னாப்பரில, கோடு பொட்டை ஊடறுத்துப் போனா லுட்ஜானஸ் ஃபுல்விஃபிளாமா. உயிரோட இருக்கேக்க 6, 7 மஞ்சள் வரி தெரியும், ஐஸில முதல் போறது அதுதான். பொட்டு பெரும்பாலும் கோட்டுக்கு மேல எண்டா ஜோனீ, அல்லது இண்டிகஸ். இண்டிகஸைப் பழைய புத்தகங்களில ரஸ்ஸெல்லி எண்டு போட்டிருக்கும். இந்து சமுத்திர மீனைத் தனியாப் பிரிச்சது 2013இல. இந்த ரெண்டையும் பிரிக்கச் செதில் வரிசை வேணும்: ஜோனீக்குப் பக்கக்கோட்டோட ஒட்டி நேரா ஓடும், மற்றதுக்கு முதுகை நோக்கிச் சாய்ஞ்சு ஏறும்.

கேட்டவர்:
28: கன்னம் வெறுந்தோல், 9 கதிர், பொட்டு கோட்டுக்குக் கீழ. 24: செதில் கிளம்புது, 13 கதிர், கோடு பொட்டுக்கு நடுவால போகுது. 41: செதில் இருக்கு, 14 கதிர், பொட்டு கோட்டுக்கு மேல. ஆனா செதில் வரிசை ரெண்டு ஸ்னாப்பருக்கும் நேராத்தான் தெரியுது. அப்ப 24ம் ஜோனீயோ?

பதில் 1:
இல்லைத் தம்பி. கோட்டுக்குக் கீழ பாத்திருக்கிறியள், அங்க எல்லாத்துக்கும் நேராத்தான் தெரியும். கோட்டுக்கும் முதுகுச் செட்டைக்கும் இடையில பாருங்கோ, சரிச்சுப் பிடிச்சு ரோச் அடிச்சா வரிசை எழும்பித் தெரியும். ஜோனீக்கு ஒவ்வொரு செதிலின்ர நடுவும் கொஞ்சம் கறுத்திருக்கும், அது கோடு கோடா வரி மாதிரித் தெரிஞ்சு ஏமாத்தும்.

பதில் 3:
அடுத்த முறை ஐஸில போட முதல் படம் எடுங்கோ. தலை இடப்பக்கம், செட்டையைக் குண்டூசியால விரிச்சு, பக்கத்தில அடிமட்டம். கன்னத்தைக் கிட்ட வைச்சு ஒண்டு, பொட்டை ஒண்டு. கையில தூக்கிப் பிடிச்ச படம் இதுக்கு உதவாது.

கேட்டவர்:
ரோச் அடிச்சுப் பாத்தன். 24க்குச் சாய்வு, 41க்கு நேர். செதில் நடுவில கறுப்பும் இருக்கு.