மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் டைம்ஸ்டாம்ப் 2038-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

நண்பர்களே, வீட்டுக் கடன் கணக்கு வைக்கும் பழைய மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கிறேன். 20 வருடக் கடனின் கடைசித் தவணைத் தேதியைச் சேமிக்க முடியவில்லை. காரணம் தெரிந்ததுதான்: அந்த ஃபீல்டு டைம்ஸ்டாம்ப் (தேதியையும் நேரத்தையும் சேர்த்துச் சேமிக்கும்) வகை. இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8:44:07-க்கு மேல் போகாது. ஸ்ட்ரிக்ட் மோடை (தவறான மதிப்பை ஏற்காமல் பிழை காட்டும் அமைப்பை) அணைத்து வைத்திருந்த காலத்தில் சத்தமில்லாமல் 0000-00-00 என்று பதிவாகியிருக்கிறது. அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. சரி, அவற்றைக் கடன் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டு மீட்டுக்கொள்வேன்.

2038 வரம்பு இல்லாத டேட்டைம் வகைக்கு மாற்ற நினைக்கிறேன். ஆனால் அது நேர மண்டலத்தைக் கண்டுகொள்ளாது. மாற்றும்போது செஷனை (தரவுத்தள இணைப்பின் நேர மண்டலத்தை) யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வைப்பதா, இந்திய நேரத்திலா? அப்புறம், டேபிள் ரொம்பப் பெரியது. நேரடியாக ஆல்டர் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) ஓட்டினால் முடியும்வரை யாரும் எதையும் எழுத முடியாது. எழுதுவதை நிறுத்தாமல் டேபிளை மாற்றும் கருவியான ஜிஹெச்-ஓஸ்ட் வைத்து இப்படி வகை மாற்றியவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்களேன்.